குகநாதனின் ஏழாவது சாவு

குகநாதனைச் சாகடிக்க அவருடைய மகள் ஹரிஷா காலையிலிருந்து பாடுபட்டுக்கொண்டிருந்தாள். அவரும் சாகத் தயார்தான். ஆனால் சும்மா சாக மாட்டேன் என்றார்.

ஹரிஷா சூரிச்சில் சினிமா படிக்கிறாள். கடைசி வருடத்துக்கு ஒரு கௌபாய் படம். அதில் வயதுபோன துப்பாக்கி வீரனாக நடிக்க, இன்டர்லாக்கன் ஹோட்டல் சமையலறையில் முப்பது வருடம் நின்ற அப்பாவைப் பிடித்தாள். ஓஸ்டர்முண்டிகன் பக்கத்துக் கற்குவாரியில் ஒட்டு மீசையும் தொப்பியும் விளையாட்டுத் துவக்குமாக அவர் நின்றார். கமராவுக்குப் பின்னால் அவளுடைய தோழன் ஜெரோசன்.

"டுமீல்!" என்று கத்தினாள் ஹரிஷா.

குகநாதன் நெஞ்சைப் பிடித்தார், மூன்று தரம் சுற்றினார், பாறையில் சாய்ந்து வானத்தை நோக்கி விரலை நீட்டினார்.

"அப்பா, ஒரு வெடிதான் பட்டது!"

"ஒண்டெண்டாலும் நோகுந்தானே, பிள்ளை?"

"துவக்குக்காரரின்ர காலம் முடிஞ்சுபோச்செண்டு காட்டுற படம் இது. சாவில ஒரு வடிவும் இருக்கக்கூடாது. டக்கெண்டு விழுங்கோ."

"ஓம், ஓம்" என்றார். ஆறாம் தரம் இன்னும் இரண்டு சுற்றுக் கூடியது. ஹரிஷாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

குகநாதன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அருகில் வந்தார்.

"எண்பத்தேழில, ஊர்ச் சந்தியில, கூட்டாளி ஒருத்தன் என்னோட கதைச்சுக்கொண்டு நிண்டவன். சொல்ல வந்ததை முடிக்கேல்லை, ஒரு வெடி, விழுந்திட்டான். அதை எனக்கு நடிக்க ஏலாது. அதுதான் சுத்துறன்."

அவள் அவருடைய கோட்டில் ஒட்டிய சேற்றைத் தட்டிவிட்டாள்.

"சரி. உங்கட விருப்பத்துக்கே சாகுங்கோ."

அவர் முதல் சுற்றைத் தொடங்க, பொலிஸ் கார் வந்து நின்றது. நாயோடு நடக்க வந்த யாரோ, துவக்கோடு ஒருவன் நிற்கிறான் என்று அறிவித்துவிட்டார்கள். பொலிஸ்காரி கையை உயர்த்தச் சொன்னாள். குகநாதன் துவக்கைப் போட்டார். சுற்றவில்லை, விரல் நீட்டவில்லை. உயர்த்திய கையோடு அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

துவக்கு பிளாஸ்டிக் என்று தெரிந்ததும் அவள் அடையாள அட்டையைக் கேட்டாள். மீசையைக் கழற்றச் சொல்லி, முகத்தைப் படத்தோடு இரண்டு தரம் ஒப்பிட்டாள். இவ்வளவுக்கும் ஜெரோசன் கமராவை நிறுத்தவில்லை.

தன் முகம் தெரியாவிட்டால் சரி என்று, அந்தக் காட்சியைப் படத்தில் சேர்க்கப் பொலிஸ்காரி சம்மதித்தாள். படம் அதோடுதான் முடிகிறது. கல்லூரி மண்டபத்தில் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் சேற்றில் உட்கார்ந்த கட்டத்தில் மட்டும் சிரிப்பு நின்றது. பிறகு எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள்.

குகநாதனுக்கு மட்டும் மனக்குறை.

"நான் செத்திருந்தா, சனம் அழுதிருக்கும்," என்றார் ஜெரோசனிடம்.