செவ்வால் கெளுத்திக்கு எத்தனை அடி வேண்டும்?

குறுக்குக் கண்ணாடியை அறுத்து எடுத்தவன் பிரசோப்தான். இதில் வேறு யார் தலையையும் உருட்ட வழியில்லை. எட்டடி நீளத் தொட்டியின் முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் பிதுங்கிப் போகாமல் இழுத்துப் பிடிக்க, வாய்ப்பக்கம் நடுவில் ஒட்டும் நாலு அங்குலப் பட்டை அது. அவனோ இருபத்திரண்டு வருடமாகக் கண்ணாடி வெட்டிப் பிழைக்கிறவன். பாங்காக்கில் தோன்புரிப் பக்கம் பாதிக் கடைகளின் முகப்பு அவன் கைபட்டது. வேறு யாராவது வந்து, "அண்ணே, அந்தப் பட்டையை எடுத்துடலாமா?" என்று கேட்டிருந்தால், "தாராளமா எடு, முதல்ல வீட்டைக் காலி பண்ணிட்டு எடு" என்றிருப்பான். ஆனால் மீன் திரும்பும்போதெல்லாம் அதன் தலை பட்டையில் 'டொக்' என்று இடித்தது. நாலு நாள் அந்த டொக்கைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஐந்தாம் நாள் காலை கத்தியை எடுத்தான்.

மதியம் பன்னிரண்டே காலுக்குத் தொட்டி வெடித்தது.

வீட்டின் பின்பாதி அவன் பட்டறை, முன்பாதி அவன் மனைவி ஜிந்தனாவின் சோற்றுக்கடை. அந்த நேரத்தில் எதிர்க் கட்டடத்து வங்கிக்காரர்கள் பதினான்கு பேர் பச்சைக் குழம்பும் சோறுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆயிரத்து எழுநூறு லிட்டர் தண்ணீர் பட்டறையைத் தாண்டிக் கடைக்குள் வந்தது. பதினான்கு பேரும் சொல்லிவைத்த மாதிரி காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார்கள், தட்டை மட்டும் விடவில்லை. தண்ணீருக்குப் பின்னால் மூன்றடி நீளத்தில், மீசையும் சிவந்த வாலுமாக, வழுக்கிக்கொண்டு வந்து நாலாவது மேஜைக்கடியில் நின்றது சலாப்பாவ்.

மீனின் பெயர் அதுதான். வாங்கியபோது விரல் நீளம். வெள்ளை வயிறும் உப்பிய முகமுமாக, ஆவியில் வெந்த பன்றி இறைச்சிப் பணியாரம்போல் இருக்கிறதென்று ஜிந்தனா வைத்த பெயர். வளர்ப்பு மீன் சந்தையில் அதை விற்ற சுங் அன்றைக்கே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தான்: "தொட்டிக்குத் தக்கபடிதான் வளரும்ணே, பயப்படாதீங்க." இதை ஒரு தபால்காரரிடம் சொல்லியிருந்தால் ஆபத்தில்லை. கண்ணாடிக்காரனிடம் சொல்லிவிட்டான். பிரசோப் இரண்டடித் தொட்டி செய்தான். மீன் நிறைந்தது. நாலடி செய்தான். நிறைந்தது. ஐந்தடி, பிறகு எட்டடி. வாடிக்கையாளர்களின் சன்னல்கள் காத்துக் கிடந்தன, மீனுக்கு மட்டும் வருடத்துக்கொரு புது வீடு.

வங்கிக்காரர்கள் நாலு பேர் மேஜைத் துணியில் மீனைச் சுருட்டித் தூக்க, பிரசோப் பட்டறையில் மரப்பலகையை நாலு பக்கமும் நிறுத்தி, நீலத் தார்ப்பாயை விரித்து, அவசரத்துக்கு ஒரு குளம் கட்டினான். மீன் பிழைத்துக்கொண்டது. அவன் முழங்கையில் ஒரு வெட்டு. ஜிந்தனா துடைப்பத்தோடு வந்து நின்றாள்.

"எல்லாரும் சாப்பிட்டுட்டாங்களா?" என்றான்.

"சாப்பிட்டாங்க. ரெண்டு பேர் தண்ணி அதிகம்னு சொன்னாங்க."

அவள் சிரிக்கவில்லை. அதனால் அவன் கேட்டுவிட்டான்: "இதை வீட்ல வச்சுக்க முடியுமா, ஜிந்தனா? நேராச் சொல்லு."

"உன் இஷ்டம்" என்றாள்.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அவள் இதற்கு முன் இந்தச் சொல்லை மூன்று முறைதான் சொல்லியிருக்கிறாள். மூன்று முறையும் அவன் இஷ்டம் எதுவும் நடக்கவில்லை.

மறுநாள் காலை கடையைத் திறப்பதற்கு முன்பே லாட்டரிச் சீட்டு விற்கும் பாயோம் அக்கா வந்துவிட்டாள். படையலுக்குச் சிவப்பு சோடா புட்டி ஒன்று, உறிஞ்சுகுழல் போட்டபடி. ஒரு மல்லிகைச் சரம். லாட்டரி எண் தெரிகிறதா என்று தேய்த்துப் பார்க்க ஒரு டப்பா முகப்பவுடர்.

"வெடிச்ச கண்ணாடிக்குள்ளேர்ந்து கீறல் இல்லாம வந்திருக்குடா! சாதாரண மீனா இது?"

"கீறல் எனக்குத்தான்கா" என்று முழங்கையைக் காட்டினான்.

"உன் கை நம்பரா சொல்லப் போவுது? தள்ளு."

ஈர மீனில் பவுடர் ஒட்டாதென்று தெரிந்ததும் தார்ப்பாயின் வெளிப்பக்கத்தில் பூசித் தேய்த்தாள். தேய்த்த இடத்தில் மெல்ல ஒரு 407 எழும்பி வந்தது. அது தார்ப்பாய் செய்த ஆலை அச்சடித்த எண் என்று பிரசோப் மூன்று முறை சொன்னான். அவளோ கைகூப்பி நின்றாள்.

சாயங்காலத்துக்குள் தெருவே வந்துவிட்டது. சோடா புட்டிகள் வரிசை கட்டின. அடுத்த நாளிலிருந்து ஜிந்தனாவின் சோறு காலை பதினொரு மணிக்கே தீர்ந்தது. வந்தவர்களிடமெல்லாம் அவன் அதே கேள்வியைக் கேட்டான், இதை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று. "ஐயோ, கண்டிப்பா வச்சுக்கணும்" என்றார்கள். "அதிர்ஷ்டத்தை யாராவது வெளியே அனுப்புவாங்களா?" என்றார்கள். "ஆனா தார்ப்பாயில மீன் திரும்ப முடியலையே, பாருங்க, வால் மடங்குது" என்றான். வாலைப் பார்த்துவிட்டு, மடங்கிய வால் ஏழு மாதிரி இருக்கிறதா ஒன்று மாதிரி இருக்கிறதா என்று தங்களுக்குள் சண்டை பிடித்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மீன் சந்தைக்குப் போனான். சுங் பிளாஸ்டிக் பைகளில் காற்றடித்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"தொட்டிக்குத் தக்கதான் வளரும்னு சொன்னியேப்பா."

"ஆமாண்ணே. நீங்க பெரிய தொட்டியா வச்சீங்க, அது வளந்துடுச்சு."

"அப்ப தப்பு என்னோடதா?"

"நான் அப்படிச் சொல்வேனாண்ணே?"

"சரி, நான் பாங்காக் சைசுக்கு ஒரு தொட்டி கட்டினா?"

சுங் கொஞ்சம் யோசித்தான். "கண்ணாடி உங்ககிட்ட இருக்குல்ல?"

"சுங். வீட்ல வச்சுக்க முடியுமா முடியாதா? ஒரே வார்த்தை."

"வச்சிருக்கவங்க இருக்காங்கண்ணே. வைக்காதவங்களும் இருக்காங்க. உங்க மீன் மனசு சரியில்லாம இருக்கும், தனியா இருக்குல்ல" என்று சொல்லி, விரல் நீளத்தில் இன்னொரு செவ்வால் கெளுத்தியை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினான். வெள்ளை வயிறு. உப்பிய முகம். பிரசோப்பின் கை தானாக நீண்டது. வெட்கக்கேடு, பையைப் பாதி வாங்கிவிட்டான். பிறகு தன் வலது கையைத் தன் இடது கையாலேயே பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

சுங் பின்னாலிருந்து கத்தினான்: "வேணாம்னா தூண்டில் குளத்துக்குக் குடுத்துடுங்கண்ணே! பெரிய மீன்னா அள்ளிக்குவாங்க!"

போய்ப் பார்த்தான். நகருக்கு வெளியே நல்ல அகலமான குளம்தான். கரையோரம் ஒரு வெள்ளைக்காரர் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒரு செவ்வால் கெளுத்தியைக் குழந்தைபோல் அணைத்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார். மீனின் உதடு கிழிந்து ஆறி, மறுபடி கிழிந்திருந்தது. குளத்து ஆள், "வாரம் ரெண்டு மூணு தடவைதான் மாட்டும், மத்த நேரமெல்லாம் சந்தோஷமா இருக்கும்" என்றான். பிரசோப் நன்றி சொல்லிவிட்டு, வண்டி வரைக்கும் நடந்து, வண்டிக்குள் உட்கார்ந்து, ஒரு கெட்ட வார்த்தையைத் தனியாகச் சொன்னான்.

மிச்சமிருந்தது விகாரை. பிறந்தநாளுக்கும் வியாதிக்கும் மீன் வாங்கி விட்டுப் புண்ணியம் தேடுகிற படித்துறை அங்கே இருக்கிறது. தண்ணீரே தெரியாத அளவுக்கு மீன். ஆனால் படித்துறைத் தூணில் புதுப்பலகை: வெளிநாட்டு மீன்களை ஆற்றில் விடுவது குற்றம். அதற்குக் கீழே மீசையும் சிவந்த வாலுமாகச் சலாப்பாவின் படமே போட்டிருந்தது. தேடப்படும் குற்றவாளி மாதிரி.

வயதான பிக்கு ஒருவர் ரொட்டித் துண்டுகளைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். பிரசோப் மண்டியிட்டுக் கும்பிட்டு, எல்லாவற்றையும் சொன்னான்.

"வச்சுக்கணும்னு நினைக்கிறதும் பற்றுதான். விட்டுடணும்னு நினைக்கிறதும் பற்றுதான்" என்றார்.

"சரிங்க சாமி. பற்று இருக்கட்டும். தொட்டி எத்தனை அடி?"

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு, பல்லே இல்லை. மீதி ரொட்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

இந்த ஊரில் யாருக்கும் யார் மனசையும் நோகடிக்க மனம் வராது என்பதை பிரசோப் அறிவான். அவனே அப்படித்தான். கோணலாக வாசல் கட்டியவனிடம், "கொஞ்சம் வித்தியாசமா இருக்கு" என்று சொல்லிக் கோணலாகவே கண்ணாடி வெட்டிக் கொடுத்திருக்கிறான். இப்போது அந்த மரியாதையெல்லாம் மொத்தமாகச் சேர்ந்து தன் மேலேயே வந்து விழுவதாகத் தோன்றியது. ஊரே அவனைத் தடவிக் கொடுக்கிறது. தார்ப்பாயில் ஒரு மீன் வாலை மடக்கிக்கொண்டு கிடக்கிறது.

பதினாறாம் தேதி லாட்டரிக் குலுக்கல். 407 வரவில்லை. 408-ம் இல்லை, 704-ம் இல்லை. சாயங்காலத்துக்குள் தெரு காலி. பாயோம் அக்கா மட்டும் வந்து, குடிக்காமல் மிச்சமிருந்த சோடா புட்டிகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டாள்.

"உன் மீன் பொய் சொல்லுதுடா."

"தார்ப்பாய்க்கா. மீன் இன்னும் வாயே திறக்கல."

வாய் திறக்கவில்லை என்பது வேடிக்கைக்குச் சொன்னதில்லை. மூன்று நாளாக மீன் சாப்பிடவில்லை. வழக்கமாக அவன் விரலோடு சேர்த்து விழுங்கப் பார்க்கிற மீன், அவன் கையில் அயிலை மீன் துண்டோடு அரைமணி நேரம் தண்ணீருக்குள் குந்தியிருந்தும் திரும்பிப் பார்க்கவில்லை. ஜிந்தனா வாசலில் நின்று பார்த்தாள்.

"என்ன செய்யலாம்?" என்றான்.

அவள் 'உன் இஷ்டம்' என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். பிறகு சோற்றுக்கடையின் இரும்புக் கதவை இழுத்து மூடினாள். இரண்டு பேருமாகப் பெரிய ஐஸ்பெட்டியில் மீனைத் தூக்கிப்போட்டு வண்டியில் ஏற்றினார்கள். அவள் பின்னாலேயே ஏறி, பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், காற்றுக் குழாயை ஒரு கையில் பிடித்தபடி. ஒவ்வொரு மேட்டிலும் திறந்த பின்சன்னல் வழியே அவன் தலையில் தட்டு விழுந்தது: "யோவ், மெதுவா! தண்ணி சிந்துது!"

பல்கலைக்கழகத்தில் நீர்ப் பிராணிகளுக்கென்றே ஆஸ்பத்திரி உண்டு. டாக்டர் பிம்சிரி என்ற சின்ன உருவப் பெண், மயக்க மருந்து கலந்த தண்ணீரில் மீனைக் கிடத்தி, எக்ஸ்ரே படம் பிடித்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, கைகூப்பி, அழகாகச் சிரித்தாள்.

"நல்லா வளத்திருக்கீங்க. நல்ல எடை. உங்களுக்கு ரொம்பப் பாசம்னு தெரியுது."

பிரசோப்புக்கு அந்தச் சிரிப்பு நன்றாகத் தெரிந்த சிரிப்பு. மறுபடியும் ஆரம்பம்.

"டாக்டரம்மா, கும்பிட்டுக் கேக்கறேன், என்கிட்ட மரியாதையாப் பேசாதீங்க. கடைக்காரன் வளந்துடுச்சுன்னான், குளத்துக்காரன் சந்தோஷம்னான், சாமி பற்றுன்னாரு, தெருவே அதிர்ஷ்டம்னுச்சு. இவ 'உன் இஷ்டம்'னா. என் இஷ்டம் என்னன்னு எனக்கே தெரியல. பத்தடி கட்டணுமா, பன்னிரண்டு கட்டணுமா, ரெண்டு மாடிச் சுவரையும் இடிக்கணுமா, இடிச்சுடறேன். முட்டாள்னு சொல்லுங்க, கோவிச்சுக்க மாட்டேன். ஆனா நேராச் சொல்லுங்க. இதை வீட்ல வச்சுக்க முடியுமா?"

ஜிந்தனா அவன் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தாள். அப்புறம் விட்டுவிட்டாள்.

டாக்டரின் சிரிப்பு மறைந்தது. கையுறையைக் கழற்றிவிட்டுப் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டினாள்.

"முடியாது" என்றாள். "பத்தடியிலயும் முடியாது, பன்னிரண்டுலயும் முடியாது. இங்க பாருங்க, முதுகெலும்பு வளைஞ்சிருக்கு. திரும்ப இடமில்லாம மடங்கி மடங்கி வளந்தது. இனி நிமிராது. மூணு நாளா சாப்பிடாதது தண்ணி கெட்டதால, அது ஒரு வாரத்துல சரியாயிடும். ஆனா வீட்டுக்குக் கொண்டு போனீங்கன்னா இதுக்கு இன்னும் பத்துப் பதினஞ்சு வருஷம் ஆயுள் இருக்கு, அத்தனை வருஷமும் இப்படியே இருக்கும். எங்க குளத்துல இந்த மாதிரி பதினோரு கெளுத்தி கிடக்குது, எல்லாம் வீட்லேர்ந்து வந்தது. தூண்டில் கிடையாது. இதையும் விட்டுட்டுப் போங்க."

ஜிந்தனா முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிரசோப் படத்தைப் பார்த்தான். இருபத்திரண்டு வருடம் நேர்கோடு வெட்டிய கண்ணுக்கு அந்த வளைவு பளிச்சென்று தெரிந்தது; நாலாவது முள்ளில் தொடங்கி ஒன்பதாவது வரைக்கும்.

"கையெழுத்து எங்க போடணும்?" என்றான்.

காகிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். பேனாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"ஒண்ணு மட்டும் கேக்கணும் டாக்டரம்மா. அதுக்கு என்னைத் தெரியுமா?"

டாக்டர் பிம்சிரி மயக்கத்திலிருந்த மீனின் செவுளை ஒருமுறை பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"தெரியும். சாப்பாடு கொண்டு வர்ற ஆளுன்னு தெரியும்" என்றாள். "அதுக்கு மேல தெரியாது."