பத்து நாள் இருட்டு

தொலைநோக்கியில் சனி கிரகத்தைச் சரியாக நிறுத்திவிட்டு இயுஸ் நிமிர்ந்தபோது, வரிசையில் ஓமா பீபி நின்றிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி; அவனுக்குப் பீபி, சித்தி முறை. லெம்பாங்கிலேயே பிறந்து, குன்றின் மேலிருக்கும் இந்த வானாய்வகத்தின் வெள்ளைக் கூரையைத் தினமும் பார்த்து வளர்ந்தவள். ஒருநாளும் ஏறி வந்ததில்லை.

நாலு மாதத்துக்கு முந்தி, பொதுமக்கள் வானம் பார்க்க வரும் பத்து நாட்களுக்கு முன்னால், கீழே வீடு வீடாகப் போய் விளக்கை மறைக்கச் சொன்னது இயுஸ்தான். கடைசியில் பாக்கி நின்றது அவளுடைய செவ்வந்திக் கொட்டகை. நாற்று நட்ட முதல் மாதம் இரவில் நாலு மணி நேரம் விளக்கெரிய வேண்டும். இருட்டு நீண்டால் செடி வளராமல் மொட்டு விட்டுவிடும். இயுஸுக்கு இது தெரியும். அவன் மாமனார் செவ்வந்தி போட்டவர். ஓமாவுக்கு அது முதல் நடவு, அதுவரை முட்டைக்கோஸ்தான். விளக்கில்லாமல் பத்து நாள் தாங்குமா என்று அவனிடமே கேட்டாள். "பத்து ராத்திரிதானே பீபி, செடியும் கொஞ்சம் தூங்கட்டுமே" என்றான். அவளும் சிரித்துக்கொண்டே அணைத்துவிட்டாள். அந்தப் பத்து நாளும் வானம் அப்படித் தெளிந்திருந்தது. மேலதிகாரி எல்லார் முன்னாலும் அவன் முதுகைத் தட்டினார்.

அவள் முறை வந்தது.

"ஒரு கண்ணை மூடிக்குங்க பீபி."

"எந்தக் கண்ணை?"

"எதுன்னாலும்."

"சீக்கிரம் பாருங்கம்மா, ஓடிடப்போகுது" என்றான் பின்னால் ஒருவன்.

"ஓடுனா நீ புடிச்சிட்டு வா."

குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "இத்துனூண்டுதானா" என்றாள். கண்ணை எடுக்கவில்லை. "பூவெல்லாம் போச்சு இயுஸ். முழங்கால் உயரம்கூட இல்ல, கடைக்காரன் ஒரு கட்டுகூட எடுக்கல. எங்க வீட்டுக்காரரு உரத்தை அள்ளிக் கொட்டிக் கெடுத்துட்டாரு. ஒரு வாரமா அவரோட பேச்சில்ல. சோறு மட்டும் வைக்கிறேன்."

காலையில் அவள் புருஷன் எங்கோஸைப் பார்த்திருந்தான். கொட்டகை வாசலில் உட்கார்ந்து, காலியான உரப்பையின் பின்பக்கத்தை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். இயுஸ் மறுபக்கம் பார்த்தபடி வண்டியை ஓட்டி வந்துவிட்டான்.

இப்போது, திருக வேண்டாத திருகு ஒன்றைத் திருகினான்.

"மறுபடி நட்டிருக்கோம். இன்னிக்கு அணைச்சிட்டுத்தான் வந்தேன். இந்தத் தடவையும் பத்து நாள்தானே?"

திறந்த கதவு வழியே கீழே வீட்டு விளக்குகள் தெரிந்தன. நடுவில் சதுரமாக ஓர் இருட்டு.

"அணைக்காதீங்க பீபி."

அவள் தொலைநோக்கியிலிருந்து முகத்தை எடுத்தாள்.

"ஏன்?"

வரிசை ஓரடி முன்னால் நகர்ந்தது. மூடிய கண்ணைத் திறக்க மறந்து, மற்றக் கண்ணால் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.