போனை வைத்தால் சம்மதம்

காஜா பெராங் ரப்பர் கம்பெனி ஆப்பீஸில் வெள்ளைக்காரத் துரைக்கு ஒரு கெட்ட பழக்கம். தோட்டத்திலிருந்து யாராவது போனில் எதையாவது கேட்டால், முடியாது என்பதற்குத் தொண்டை கிழியக் கத்துவார். சம்மதம் என்றால் வாயைத் திறக்க மாட்டார். டக்கென்று போனை வைத்துவிடுவார். இணைப்பு அறுந்ததும் அந்தப் பக்கத்துப் போனில் மணி ஒரு தடவை கிணுங்கி அடங்கும். மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்து வாசலில் கொடியே மாறிவிட்டது, இந்தத் திமிர் மட்டும் மாறவில்லை. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிகளும் பழகிப்போனார்கள். மணி கிணுங்கினால் கேட்டது கிடைத்தது என்று அர்த்தம்.

சுவிட்ச்போர்டில் வேலை பார்த்த கோகிலாவுக்கும் இது தெரியும். தெரிந்து என்ன செய்ய!

அன்று பிடித்த மழை விட்ட பாடில்லை. மத்தியானம் தோட்டத்திலிருந்து கிராணி நல்லையா கூப்பிட்டார்.

“ஆலோ, கோகிலாவா? ஒன் தங்கச்சி ஜெயாவுக்குப் பிள்ள பொறந்திருச்சு, ஆனா ரத்தம் நிக்க மாட்டேங்குது. தொரைகிட்ட சொல்லி காரு அனுப்பச் சொல்லும்மா. ரப்பர் பால் ஏத்துற லோரிய நிறுத்தி வச்சிருக்கேன், காரு வருதுன்னா அத பெக்டரிக்கு விட்டுருவேன். ஆலோ? கேக்குதா?”

“கேக்குதுண்ணே!”

“ஆலோ? ஆலோ?”

கோகிலா குரலை உயர்த்திப் பார்த்தாள். அவர் பேசுவது இவளுக்குக் கேட்கிறது. இவள் பேசுவது அவருக்கு எட்டவில்லை. துரையிடம் ஓடினாள். ஆற்றுப் பாலத்தின் மேல் வெள்ளம் போகிறது, கார் தாண்டாது, லோரிதான் தாண்டும், அதிலேயே ஏற்றி அனுப்பச் சொல் என்றார் துரை. நியாயமான பேச்சுதான். அதைச் சொல்லத்தான் வழியில்லை.

“லோரியில ஏத்துங்கண்ணே! காரு வராது!”

“ஆலோ? ஆலோ?”

வாய்க்குழலைத் தட்டினாள். பேட்டரி முனையைச் சுரண்டித் துடைத்தாள். வயரை மாற்றினாள். ஒன்றுக்கும் மசியவில்லை. பக்கத்து லைனில் டவுன் எக்சேஞ்சு சாரதாம்பாளைப் பிடித்தாள்.

“நீ பேசறது எனக்கு நல்லாத்தான் கேக்குது. ஒன் பக்கம் கோளாறு இல்ல. பிளக்கப் பிடுங்கித் திரும்ப மாட்டிப் பாரு. எப்பவும் அப்படித்தானே செய்வோம்?”

ஆமாம், எப்போதும் அப்படித்தான். கோகிலா பிடுங்கினாள். ஈரத்தில் களிம்பு பிடித்திருந்த முனையை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். தங்கச்சி பிழைக்க வேண்டும் என்பதைத் தவிர அவள் புத்தியில் அப்போது வேறொன்றும் இல்லை. மாட்டி, கைப்பிடியைச் சுற்றினாள். வெகு நேரம் சுற்றிய பிறகே நல்லையா எடுத்தார்.

“அண்ணே, கேக்குதா?”

“ஆலோ, கோகிலா! நீ பேசறது ஒண்ணுமே கேக்கலம்மா. ஆனா மணி கிணுங்குச்சு, தொரை ஒத்துக்கிட்டாருன்னு புரிஞ்சிக்கிட்டேன். லோரி அப்பவே போயிருச்சு. ஜெயாவ கட்டிலோட வாசல்ல கொண்டாந்து வச்சிருக்கோம், காரு வந்ததும் ஏத்திர வேண்டியதுதான்.”

“ஐயோ, காரு வராதுண்ணே! வராது!”

“நல்ல வேள, சட்டுன்னு வச்சீங்க. இன்னும் கொஞ்ச நேரம் பதில் இல்லன்னா நானே அவள லோரியில ஏத்தி விட்டிருப்பேன்.”

அவருக்குப் பின்னால் குழந்தை வீறிட்டு அழுதது. கோகிலா கத்திக்கொண்டே இருந்தாள். நல்லையா நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.