கரித்துண்டு செய்த கோடாலி

மதியம் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கையின் ஈரம் காய்வதற்குள் வந்து உட்கார்ந்து, அண்ணனின் கோடாலியை அவள் உடைத்துத் தூளாக்கினாள். நிஜக் கோடாலி அல்ல. கம்ப்யூட்டர் விளையாட்டில் அண்ணனின் வீரன் முதுகில் மாட்டிக்கொண்டு திரிகிற கோடாலி. தீட்டாத இரும்பு, பிடியில் ஏனோதானோவென்று சுற்றிய தோல், பார்க்கச் சகிக்காது. ‘நிச்சயமாக உடைக்கவா?’ என்று ஒரு சின்னப் பெட்டி வந்து கேட்டது. ஆமாம் என்று அமுக்கினாள். கண்ணாடி டம்ளர் கீழே விழுந்த மாதிரி ஒரு சத்தம். வீரனின் பையில் ஒரு பிடி நீலத் தூள். அவ்வளவுதான்.

கோபத்தில் செய்ததுதான். ஆனால் அந்தக் கோபம் கோடாலி மேல் இல்லை.

காலையில் ஒரு கம்பெனிக்கு விண்ணப்பம் அனுப்பியிருந்தாள். போட்ட டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. ‘உங்கள் விண்ணப்பத்தைக் கவனமாகப் பரிசீலித்தோம், வருந்துகிறோம்.’ கவனமாகவாம். எந்த மனுஷனும் அதைப் படிக்கவில்லை, ஏதோ ஒரு மெஷின் நாலு வார்த்தையைத் தேடிப் பார்த்துவிட்டுக் கழித்துக்கட்டியது என்று தெரியாதா அவளுக்கு? கடைசி வரியில் அவள் எழுதியிருந்தாள், எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்று. எழுதலாமா வேண்டாமா என்று தன்னோடு தானே மல்லுக்கட்டி, மானத்தை விட்டு எழுதிய வரி. அந்த வரி வரைக்கும் ஒரு நாயும் படித்திருக்காது.

அம்மாவிடம் சொன்னாள். அம்மா பேக்கரிக்கு அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“சரி விடு. அடுத்தது வரும்.”

இந்த ‘சரி விடு’தான் அவளுக்கு ஆகாது. வீட்டைப் பிடித்த வியாதி அது. அண்ணனுக்கு அது எலும்பு வரைக்கும் போயிருந்தது. அப்பா செத்த வருஷமே அவன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு லிப்ட் ரிப்பேர் கம்பெனியில் சேர்ந்தபோதும் சரி விடு. கூட வேலை பார்த்தவனெல்லாம் சூப்பர்வைசர் ஆகி, இவன் மட்டும் இன்னும் கிரீஸும் டூல் பையுமாக அலைகிறபோதும் சரி விடு. விண்ணப்பங்களில் ‘சகோதரர் தொழில்’ என்று கேட்கிற இடத்தில் அவள் மெக்கானிக் என்று எழுத மாட்டாள். டெக்னிக்கல் என்ஜினியரிங் சர்வீசஸ் என்று எழுதுவாள். அண்ணனுக்கு அது தெரியாது.

அவள் படிப்பதற்கு அண்ணன்தான் இந்தக் கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டான். படிப்பு முடிகிற வரைக்கும் அவள் அதை விட்டு எழுந்த பிறகுதான் உட்காருவான். ஊர் பேர் தெரியாத ஜனங்கள் ஆளுக்கொரு வேஷத்தில் வந்து, கூட்டம் சேர்ந்து ராட்சசனை அடித்து, கிடைக்கிற வாளையும் கவசத்தையும் பங்கு போட்டுக்கொள்ளும் விளையாட்டு. அதில் வருகிற இங்கிலீஷ் அவனுக்கு அரைகுறை. படத்தையும் நிறத்தையும் பார்த்தே விளையாடுவான். அதனால் அவள்தான் விளையாட்டோடு சேர்ந்து ஓடுகிற ஓர் ஆட்-ஆனைத் தேடி எடுத்துச் சேர்த்துக் கொடுத்தாள். எந்தச் சாமான் மேல் மவுஸை வைத்தாலும், வீரனிடம் உள்ள மற்றதோடு ஒப்பிட்டு, அதைவிட உசத்தி என்றால் பச்சை அம்பு மேலே பார்க்கும், மட்டம் என்றால் சிவப்பு அம்பு கீழே பார்க்கும். எத்தனை சதவீதம் என்றும் போடும். யோசிக்கவே வேண்டாம்.

அண்ணன் அன்றைக்குச் சிரித்தான். “நாள் பூரா லிப்ட்ல இந்தக் கூத்தத்தான பாக்குறேன். வீட்டுக்கு வந்தும் மேல அம்பு கீழ அம்பா?”

“அங்கயாவது ஜனங்க மேல போறாங்கண்ணே. நீதான் எங்கயும் போறதில்ல.”

“அடிப்பாவி. அங்க மட்டும் என்ன வாழுது? லிப்ட் ஓடாதுன்னு போர்டு மாட்டியிருப்போம். அதுக்குக் கீழயே நின்னு பட்டனை அமுக்கிட்டிருப்பாங்க. படிச்சவங்கதான் ஜாஸ்தி அமுக்குவாங்க.”

அப்புறம் போன வாரம் அந்தப் பேச்சு. அண்ணனின் ஹெட்போன் செத்துப் பல நாளாகிறது. கூட்டாளிகள் பேசுவது கூடம் முழுக்கக் கேட்கும். கூட்டத்துக்குத் தலைவன் ஒருத்தன், தடியன் என்று பேர், குரலும் தடிதான். “மாப்ள, நாங்கல்லாம் எங்கயோ போயிட்டோம், நீ இன்னும் அந்தக் கோடாலியத் தூக்கிட்டு வர்ற. ஞாயித்துக்கெழம பெரிய ஆட்டம். ஒண்ணு அத மாத்து, இல்ல உன்ன மாத்திருவோம்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் கூடச் சேர்ந்து சிரித்தான். பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்த அவளுக்குத்தான் காது எரிந்தது. என் அண்ணனை மாற்றுவதற்கு நீ யாருடா?

ஆகவே கம்பெனியின் பதில் வந்த அன்று மதியம் விளையாட்டுக்குள் போய்ப் பார்த்தாள். பைக்குள் புத்தம் புதுக் கோடாலி ஒன்று கிடந்தது. எப்போதோ ஜெயித்தது. மவுஸை வைத்தாள். பச்சை அம்பு, முப்பத்தெட்டு சதவீதம். இதை வைத்துக்கொண்டா இந்த மனுஷன் அந்தத் துருவைச் சுமக்கிறான்? ஆத்திரமாக வந்தது. பழையதன் மேல் வைத்தாள். சிவப்பு. சின்னப் பெட்டியில் இன்னும் என்னென்னவோ எழுதியிருந்தது. அம்பைப் பார்த்த பிறகு அதையெல்லாம் யார் படிப்பார்கள்? உடைத்தாள். கிடைத்த நீலத் தூளைப் புதுக் கோடாலியில் பூசினாள். அது விளிம்பெல்லாம் நீலமாக ஒளிர்ந்தது. காலையிலிருந்து முதல் தடவையாக, ஒரு வேலையை ஒழுங்காகச் செய்து முடித்த திருப்தி.

சாயங்காலம் அண்ணன் வந்ததும், டூல் பையைக் கீழே வைக்கக்கூட விடவில்லை.

“உக்காரு, பாரு.”

பார்த்தான். வீரன் முதுகில் நீலம் மினுங்கியது. அண்ணன் அதைப் பார்க்காமல் பையைத் திறந்து ஒவ்வொரு கட்டமாக மவுஸை நகர்த்தினான், பஸ்ஸில் பர்ஸைத் தொலைத்தவன் பை பையாகத் தடவிப் பார்ப்பதைப்போல.

“பழசு எங்க பாப்பா?”

“அத ஒடச்சிட்டேன். அந்தத் தூளத்தான் இதுல பூசியிருக்கேன். பளபளன்னு இருக்குல்ல?”

“ம்.”

“முப்பத்தெட்டு சதவீதம்ணே! இனிமே அந்தத் தடியன் வாயத் தொறக்கட்டும் பாக்கலாம்.”

“நல்லாத்தான் இருக்கு.”

“ஒரு தேங்க்ஸ் சொன்னா வாய் தேஞ்சிடுமா?”

“தேங்க்ஸ்மா” என்றான். எழுந்து கை கழுவப் போனான். தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது. கிரீஸ் போகவில்லை போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய ஆட்டம். அம்மா பெட்டிகளை அடுக்கி வழியை அடைத்திருந்தாள். “ரெண்டு பேரும் அந்தப் பொட்டிக்குள்ளயே போய்க் குடியிருங்க, வாடகையாவது மிச்சமாகும்” என்று முனகினாள். அவள் அண்ணனின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். தடியன் வாயடைத்துப்போவதைக் கேட்க வேண்டும், அதுதான் ஆசை.

“யோவ் மாப்ள! என்னய்யா இது, கல்யாண மாப்ள மாதிரி ஜொலிக்கிற!” என்றது தடியனின் குரல். அவளுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. “பழச பத்திரமா பெட்டில வெச்சிட்டேல்ல?”

அண்ணன் வீரனை இரண்டடி முன்னால் நகர்த்தினான்.

“டேய், வித்துட்டியா?”

“ஒடஞ்சிருச்சுடா.”

“ஒடஞ்சிருச்சா? அது தானா ஒடையுமா? கரித்துண்டு கையால செஞ்சு குடுத்ததுடா! மாத்துன்னா பெட்டில வைன்னு அர்த்தம்டா, ஒடைன்னா சொன்னேன்?” சிரிப்பே இல்லாத குரல். இந்தக் குரல் தடியனிடம் உண்டு என்றே அவளுக்குத் தெரியாது. “எவன்டா ஒடச்சது?”

நாற்காலியின் முதுகை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் திரும்பவில்லை.

“நான்தான். கை தவறி அமுக்கிட்டேன்” என்றான். “விடு, ராட்சசன் வரான், முன்னாடி பாரு.”

ராட்சசனை ஜெயித்தார்கள். எல்லோரும் கத்தினார்கள். அண்ணன் கத்தவில்லை.

ஆட்டம் முடிந்து சத்தம் அடங்கிய பிறகு கேட்டாள். “யாருண்ணே கரித்துண்டு?”

“கூட வெளையாடின பொண்ணு. அங்க கொல்லன் பட்டறை ஒண்ணு இருக்குல்ல, அதுலயேதான் நிப்பா. சண்டைக்கெல்லாம் வர மாட்டா.” திரையை அணைக்கப் போன கை நின்றது. “ஒரு தடவ லிப்ட் குழிக்குள்ள மாட்டிக்கிட்டேன். மேல இருந்தவன் தெரியாம ஸ்விட்சப் போட்டுட்டான். லிப்ட் என் தலைக்கு மேல, இந்தா, இவ்வளவு தூரத்துல வந்து நின்னுச்சு.”

“எப்போ? வீட்ல சொல்லவே இல்லையே!”

“உனக்குப் பரீட்ச நடந்துட்டிருந்துச்சு. யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு, அவகிட்ட சொன்னேன். அடுத்த தடவ பாக்கும்போது இந்தக் கோடாலியக் குடுத்தா. குழிக்குள்ள எறங்கும்போது கையில ஏதாவது இருக்கட்டும்னா.” சிரித்தான். “லூசு.”

“இப்ப எங்க அவங்க?”

“தெரியாது. திடீர்னு வரத நிறுத்திட்டா. நெசப் பேரும் தெரியாது, கேட்டதில்ல. வருவா.” திரையைக் காட்டிச் சொன்னான்: “அதுல பேரு போட்டிருக்குமே பாப்பா. செய்தவர் கரித்துண்டுன்னு. கடைசி வரில. நீ பாக்கலியா?”

அவளுக்கு முகத்தில் ரத்தம் ஏறியது. அவன் திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள், கத்துவதற்கு அவளிடம் எப்போதும் ஆயிரம் இருக்கும். அவன் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். தலைக்கு மேல் வந்து நின்ற லிப்ட்டை ஊர் பேர் தெரியாத ஒருத்தியிடம் போய்ச் சொல்லியிருக்கிறான். அதே கூடத்தில், இரண்டடி தள்ளி உட்கார்ந்து, சத்தம் போடாதே படிக்கணும் என்று அவள் அதட்டியிருப்பாள். நிச்சயம் அதட்டியிருப்பாள்.

“நீ ஒடச்சேன்னு ஏண்ணே சொன்ன?”

“பின்ன? தங்கச்சின்னு சொன்னா உன்னப் பேசுவானுங்க. எனக்குப் பிடிக்காது.”

மறுநாள் முழுக்க அவள் விளையாட்டின் உதவிப் பக்கங்களைக் குடைந்தாள். உடைத்ததைத் திரும்பக் கேட்கலாம் என்று ஓரிடத்தில் போட்டிருந்தது. அண்ணன் வேலை முடிந்து வருகிற வரை காத்திருந்து, அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, விளையாட்டை நடத்துகிறவர்களின் உதவி ஆளை அழைத்தாள். திரையின் ஓரத்தில் ஒரு கட்டம் திறந்தது. எந்தக் கம்பெனிக்கும் எழுதாத பணிவோடு இங்கிலீஷில் எழுதினாள். தவறு என்னுடையது, என் அண்ணனுடையது அல்ல, தயவு செய்து. யாரும் கேட்காமலே அதை எழுதினாள். அண்ணனுக்குப் புரியாத பாஷையில் எழுதுவது சுலபமாக இருந்தது. அதற்கும் சேர்த்து வெட்கமாக இருந்தது.

எதிர்ப்பக்கத்தில் மூன்று புள்ளிகள் துடித்தன. பிறகு பதில், ஒரு பத்தி நீளத்துக்கு.

இந்தத் தடவை ஒரு வரி விடாமல் படித்தாள். கோடாலியைத் திருப்பித் தருகிறோம். பூசிய தூளைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் செய்தவர் பெயர் இனி அதில் வராது, அந்தப் பெயரில் இப்போது கணக்கு இல்லை, அதை வைத்திருந்தவரே நிரந்தரமாக மூடிவிட்டார்.

“என்ன சொல்றான்?” என்றான் அண்ணன்.

“கோடாலி வந்துடும்ணே.”

“அதுக்கா இவ்வளவு நீளமா அடிச்சிருக்கான்?”

“இவனுங்க அப்படித்தான். சுத்தி வளைப்பானுங்க.”

வீரனின் தபால் பெட்டி மினுங்கியது. அண்ணன் திறந்தான். அதே தீட்டாத இரும்பு, அதே ஏனோதானோத் தோல். “ஏய், பாப்பா!” என்று அவள் முதுகில் தட்டினான். அந்தத் தட்டில் சின்ன வயசு அண்ணன் இருந்தான். நீலக் கோடாலியைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, பழையதை முதுகில் மாட்டினான். மவுஸை அதன் மேல் வைத்தான். பெட்டி திறந்தது. அவன் கண் வரி வரியாகக் கீழே இறங்கி, முடிந்த இடத்தில் நின்றது.

“பேரு வரலியே?”

சொல்லிவிடலாம். ஒரே ஒரு வாக்கியம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

“கொஞ்சம் லேட்டாகுமாம்ணே.”

“ஓகோ” என்றான் அவன். “பரவால்ல. வராட்டியும் என்ன, அவ வந்தான்னா மறுபடி போட்டுக் குடுப்பா.”

வீரனைக் கொல்லன் பட்டறைக்கு நடத்திக்கொண்டு போனான். அங்கே உலை எரிந்துகொண்டிருந்தது, அது எப்போதும் எரியும். பக்கத்தில் யாரும் இல்லை. யாரோ ஒருத்தி நிற்பதற்கு இடம் விட்டு, வீரனைச் சற்றுத் தள்ளி நிறுத்தினான். பக்கத்துக் கட்டத்தில் உதவி ஆள் இன்னும் போகவில்லை. வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தான்.

“அண்ணே” என்றாள்.

“ம்?” அவன் திரும்பவில்லை. கோடாலி மேல் மவுஸை வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். ஒவ்வொரு தடவையும் பெட்டி திறந்தது. ஒவ்வொரு தடவையும் அதன் மூலையில் அந்தச் சிவப்பு அம்பு, கீழே பார்த்தபடி.