வெளியே யாரும் இல்லை

திரையில் தெரிந்தவை கைகள் மட்டும்தான். உறை போட்ட இரண்டு கைகள், அவற்றுக்குக் கீழே பாண்டிமீனாவின் வலது உள்ளங்கை. டாக்டர் செந்தூர்பாண்டி தன் கைகளை அதுவரை அப்படிப் பார்த்ததில்லை. வேறு யாருடையவோ போல இருந்தன.

விருதுநகரில் அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு அந்த வருடம்தான் அந்த ஏற்பாடு வந்தது. ஆபரேஷனைப் படம் பிடித்து, ஒருவர் செய்ததை இன்னொருவர் பார்த்து நிறைகுறை சொல்ல வேண்டும். அவருடையதைப் பார்க்க வந்தவள் டாக்டர் ஆர்த்தி. மதுரையில் கூடப் படித்தவள். முகதாட்சண்யம் பார்க்கமாட்டாள்.

பாண்டிமீனா திருத்தங்கல்காரி. பட்டாசுக் கம்பெனியில் தீப்பிடித்த சாக்கை இரண்டு கையாலும் இழுத்து வெளியே போட்டவள். புண் ஆறியபோது தழும்பு சுருங்கி விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டது. தழும்பை அறுத்து, தொடையிலிருந்து தோலெடுத்து வைத்த பிறகும் வலது கை பாதிதான் விரிந்தது. உடம்பு வாகு அப்படி என்று செந்தூர்பாண்டி அவளிடம் சொல்லியிருந்தார். வரும் வியாழக்கிழமை இடது கைக்கு ஆபரேஷன்.

ஆர்த்தி படத்தை நிறுத்தினாள். "இங்கன பாரு. சுண்டுவிரல் இன்னும் மடங்கித்தான் இருக்கு. அதுக்குள்ள தோல் வைக்க ஆரம்பிச்சுட்ட."

"இன்னும் அறுத்தா நரம்பு போயிரும்."

"நரம்பு அந்தா அங்கன பத்திரமாக் கிடக்கு. கதை விடாத." படத்தைப் பின்னால் ஓட்டினாள். "இப்பப் பாரு. உன் கை நிக்குது. மணிக்கட்டு வாசப்பக்கம் திரும்புது. அதுக்கப்புறம் தீபாவளி லோடு ஏத்துறவன் மாதிரில்ல ஓடுத. அன்னைக்கு உனக்கு ஆபரேஷன் இவ ஒருத்திக்குத்தான். வாசல்ல யாருப்பா நின்னா?"

அவர் படத்தை இன்னொரு முறை பின்னால் ஓட்டிப் பார்த்தார்.

யார் நின்றார்கள் என்று அவருக்குத் தெரியும். அவர் கைக்குத் தொழில் படிந்தது பட்டாசு விபத்து நாட்களில். ஒரே மத்தியானத்தில் வண்டி வண்டியாகக் கொண்டுவந்து இறக்குவார்கள். வராந்தா முழுக்கக் கந்தகமும் முடி கருகிய வாடையும். ஒருவரை முடிக்கும் முன்பே மனம் அடுத்தவருக்குப் போய்விடும். அப்படி ஒரு நாள், வெம்பக்கோட்டைப் பக்கமிருந்து வந்த ஒருவர் வாசலில் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் குரல் நின்றபோது செந்தூர்பாண்டி வேறொருவருக்குக் கடைசித் தையலைப் போட்டுக்கொண்டிருந்தார். செத்தவர் பெயர் ஒச்சப்பன் என்று பிறகுதான் தெரிந்தது.

அதன் பிறகு அவர் கைகள் ஓடின. யாரும் காத்திராத நாட்களிலும் ஓடின. இந்தப் படத்தைப் பார்க்கும்வரை அது அவருக்கே தெரிந்திருக்கவில்லை.

"கைக்கு அடியில வைக்கிற பலகையில விரல் படியிற வரைக்கும் தோலைத் தொடாத," என்றாள் ஆர்த்தி. "வியாழக்கிழமை எதிர்ல நான் நிக்கேன். நீ திரும்புனா சொல்லுதேன்."

வியாழக்கிழமை சுண்டுவிரலுக்கு வந்தபோது தள்ளுவண்டிச் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. பிறகு, தண்ணீர் கேட்கும் குரல். அவர் கை நின்றது.

"வெளிய யாரும் இல்ல, செந்தூரு."

இருக்கிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தவர், குரலைக் கேட்டபடியே தழும்பின் இன்னொரு இழையை அறுத்தார். பிறகு அதற்கடுத்ததை. விரல் மெல்ல இறங்கிப் பலகையில் படிந்தது. குரல் நிற்கவில்லை. அவர் தோலை எடுத்துத் தரச் சொன்னார்.

ஆபரேஷனுக்குப் பிந்தைய விரல் பயிற்சியெல்லாம் முடிந்து வந்த அன்று பாண்டிமீனா மேசைமேல் இரண்டு கைகளையும் வைத்தாள். இடது கை தட்டையாக விரிந்தது. வலது கை எதையோ பொத்திப் பிடித்திருப்பதுபோலக் கிடந்தது.

"டாக்டரய்யா, கேட்டா கோவிச்சுக்கிற மாட்டீகளே? அன்னைக்கு மயக்கத்துல கெடந்தேன், இந்த வலதுகையை யாரு பண்ணாக?"

"ரெண்டும் நான்தாம்மா. அதைப் பாதியில நிப்பாட்டிட்டேன். முழுசா விரிச்சிருக்கணும். திரும்பப் பண்ணுனா சரியாகும்."

அவள் அவரையே பார்த்தாள்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"இடதுகைக்கு முன்னாடியே."

"அப்பவே சொல்லியிருந்தீகன்னா இந்த இடதுகையை உங்கட்டத் தந்திருக்க மாட்டேன்."

அவர் தலையசைத்தார். பாண்டிமீனா வலது கையை மடிக்கு இழுத்து இடது கையால் மூடிக்கொண்டாள். விரிந்த விரல்களுக்குள் மடங்கிய விரல்கள் அடங்கிப்போயின.

"யோசிச்சுச் சொல்லுதேன்," என்று எழுந்தாள்.