பெயருக்கு அருகில் பச்சைப் புள்ளி

வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதை முடிந்து சனம் கலைந்த கையோடு, றொஷான் நேரே ஜஸ்ரினின் போன் திருத்தும் கடைக்கு வந்தான். பேசாலை பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே இருக்கும் அந்தச் சின்னக் கடையில்தான் நண்பர்கள் கூடுவார்கள். கூடினால் பேச்சு ஒன்றுதான்: எந்த கேம் வரப்போகிறது, எது பிந்துகிறது, எது ஏமாற்றிவிட்டது.

ஜஸ்ரினின் தங்கை கிருஷிகா அன்றும் போனில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள்.

"'ஸ்டோம் கோஸ்ட்' ரெண்டாம் பாகம் இனிப் பிந்தாதாம். உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த நாள் வருதாம்."

"மூண்டு தரம் இப்பிடித்தான் சொன்னவங்கள்," என்றான் ஜஸ்ரின், ஒரு போனின் முதுகைக் கழற்றியபடி. "நாலாம் தரமும் நம்ப நான் என்ன வோட்டுப் போடவே வந்தனான்?"

"இந்த முறை வலையை அறுத்துக்கொண்டு போற ட்ரோலர் படகெல்லாம் வருதாம். நாங்கள் துரத்திப் பிடிக்கவேணுமாம்."

"அதுக்கு கேம் வேணுமே? எங்கட கடலுக்கு வரச் சொல்லு. சும்மாவே காட்டுறம்."

"எனக்கு முன்னால இதுகளைக் கதைக்காதையுங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லுறது?" என்றான் றொஷான்.

தவக்காலம் தொடங்கிய விபூதிப் புதனன்று அவன் ஒரு நேர்த்தி வைத்திருந்தான். அது முடியும்வரை கேமைத் தொடுவதில்லை. ஞாயிறுகளில் மறைக்கல்வி படிப்பிக்கிறவன் என்பதால் தன் வகுப்புப் பிள்ளைகளையும் அப்படிச் செய்யக் கேட்டான். பாதிப் பேர் அவனை நம்பிக் கேமை விட்டார்கள். அதே கிழமையில்தான் அந்த அறிவித்தல் வந்தது. இரண்டாம் பாகம் வரும்வரை ஒரு நாளும் தவறாமல் முதலாம் பாகத்துக்குள் போய் வருகிறவர்கள் கேமில் தாங்கள் கட்டிய பழைய வள்ளத்தை அப்படியே புதியதுக்குக் கொண்டுபோகலாமாம். றொஷான் ஐந்து வருடமாய் அந்த வள்ளத்தைக் கட்டியவன். கடலில் தொழில் செய்கிறவர்கள் வைப்பதுபோல அதற்குத் தன் தாயின் பெயரையே வைத்திருந்தான்: 'றோசம்மா'. அறிவித்தலை வாசித்தபோது நெஞ்சு வலித்தது. வலிக்காததைக் கடவுளுக்குக் கொடுத்து என்ன பயன் என்று நினைத்து, வள்ளத்தையும் விட்டுவிட்டான்.

ஜஸ்ரின் சிரித்தான். "உனக்கு முன்னால ஏன் கதைக்கக் கூடாது? நீதான் ஒவ்வொரு ராவும் உள்ள போறியே."

"என்ன கதைக்கிறாய்?"

ஜஸ்ரின் தன் போனை நீட்டினான். நண்பர் வரிசையில் றொஷானின் பெயர். நேற்று இரவு உள்ளே வந்து போயிருக்கிறது. அதற்கு முந்தின இரவும் அப்படித்தான்.

"ராவில உன்ர பேருக்குப் பக்கத்தில பச்சைப் புள்ளி எரியுது. கேமை விடாத உன்ர பொடியள்தான் வந்து காட்டினவங்கள். எங்களுக்கு ஒருசந்தி, சேருக்கு விருந்து எண்டு சிரிக்கிறாங்கள்."

றொஷானின் காது சுட்டது. சற்று முன்தான் அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் சிலுவையைத் தூக்கிக்கொண்டு பதினான்கு தலங்களும் நடந்திருந்தான். அவர்கள் தங்களுக்குள் குசுகுசுத்தது இப்போதுதான் விளங்கியது.

அவனுடைய பாஸ்வேர்ட் தெரிந்தவன் உலகத்தில் ஒருவன்தான். எருக்கலம்பிட்டிக் காமில். மன்னார் டவுனில் உடுப்புக் கடையில் வேலை. றொஷானின் பழைய போன் கடலில் விழுந்தபோது கணக்கை மீட்டுக் கொடுத்தவனும் அவன்தான்.

"காமில்தான். நான் இஞ்ச முழங்காலில நிக்க, அவன் என்ர பேரில கூத்தடிக்கிறான்!"

"முதல்ல ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ அண்ணா," என்றாள் கிருஷிகா.

"கள்ளனிட்ட என்ன கேள்வி?"

கடைக் கணினிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டான். விளையாட்டுக்குள் போகாமலே பாஸ்வேர்டை மாற்ற வழி இருந்தது. புதியதை ஒவ்வொரு எழுத்தாய் உரக்கச் சொல்லி, விரலால் குத்திக் குத்தி அடித்தான்: 'கள்ளன் காமில்'.

"இனி ஏறட்டும் பார்ப்பம்!"

அன்றிரவு காமில் மூன்று தரம் அழைத்தான். றொஷான் எடுக்கவில்லை. "காமில் தம்பியைக் கனநாளாய்க் காணேல்லை," என்று தாய் றோசம்மா சொன்னதற்கும், "அவன்ர பேரை எடுக்காதையுங்கோ," என்று சீறினான். கோபத்தில் நியாயமும் இருந்துவிட்டால் மனிதனுக்கு அதைப்போல இனிப்பான சாப்பாடு வேறில்லை. அவன் அதைத் தின்றுகொண்டே படுத்தான்.

சனிக்கிழமை மத்தியானம் நண்பர்கள் நால்வரில் மூவர் கடையில் இருக்கும்போது, மன்னார் பஸ்ஸிலிருந்து காமில் இறங்கி ஓடிவந்தான். நெற்றியெல்லாம் வியர்வை.

"மச்சான், உன்ர கணக்கை ஆரோ களவெடுத்திட்டாங்கள்! ராத்திரி எத்தினையோ தரம் அடிச்சுப் பார்த்தன், உள்ள விடேல்லை. நீயும் போன் எடுக்கிறாயில்லை. கடையில லீவு கேட்டுப்போட்டு வாறன்."

"களவெடுத்தவன்தான் பஸ்ஸில வந்து இறங்கி நிக்கிறான்," என்றான் றொஷான்.

காமில் சிரித்தான். பகிடி என்று நினைத்துவிட்டான். பிறகு மற்றவர்களின் முகங்களைப் பார்த்தான்.

"என்னைச் சனத்துக்கு முன்னால பொய்யன் ஆக்கிப்போட்டாயே!" என்றான் றொஷான். "எத்தினை நாளாய் என்ர வள்ளத்தை ஓட்டுறாய்?"

"ஓட்டுறதோ? ஒருக்காக் கூட கயிறு அவிழ்க்கேல்லை. போய்ப் பார். துறையில கட்டினபடிதான் கிடக்குது. ராவில தொழுகை முடிஞ்சு வந்து கதவைத் திறந்து உடன பூட்டிடுவன். நாள் அறுந்தா 'றோசம்மா' ரெண்டாம் பாகத்துக்கு வராதெல்லோ."

"ஆர் கேட்டது உன்னை?" றொஷான் மேசையில் அறைந்தான். கழற்றிய போனின் திருகாணிகள் துள்ளின. "இழக்கவேணும் எண்டுதானே நேர்ந்தனான்! அதைக் காப்பாத்தி வைக்க நீ ஆர்?"

காமிலின் குரலும் இப்போது உயர்ந்தது.

"இந்த வருஷம் உங்கட தவக்காலமும் எங்கட நோன்பும் ஒண்டாய்த்தானே தொடங்கினது? நான் நோன்போட உங்கட வீட்டுக்கு வந்த நாள் அன்ரி என்ன செய்தவ? மத்தியானம் பொரிச்ச மீன்ல என்ர பங்கை எடுத்து மூடி வைச்சவ. பாங்கு சொன்னாப்பிறகு சூடாக்கித் தந்தவ. மூடி வைச்சதால என்ர நோன்பு முறிஞ்சு போச்சுதோ? உன்ர நோன்பு முடியுமட்டும் நானும் மூடி வைச்சனான். அவ்வளவுதான்!"

றொஷான் மேசையிலிருந்து கையை எடுத்தான். வெளியே நின்ற பஸ் புறப்பட்டுப் போனது.

கிருஷிகா மெல்லச் சொன்னாள்: "நேற்று உள்ள போகாததால நாள் அறுந்திட்டுது. இனி அந்த வள்ளம் வராது."

காமில் பெருமூச்சு விட்டான். அவனுக்குக் கோபம் நெடுநேரம் நிற்காது. "சரி விடு. கொம்பனிக்கு எழுதிக் கேட்டுப் பார்ப்பம். புதுப் பாஸ்வேர்டைச் சொல்லு."

ஜஸ்ரின் பிறந்த நாள்முதல் ஒரு நக்கலையும் வீணாக விட்டவனில்லை. அவனே இப்போது குனிந்து, விழாத ஒரு திருகாணியை நிலத்தில் தேடத் தொடங்கினான். கிருஷிகா அவசரமாக எழுந்து, "இந்தக் கணினியில கிடக்குது, நான் போட்டுத் தாறன்," என்றாள்.

அவள் நீட்டிய அந்த உதவிக்குள் றொஷான் ஒளிந்திருக்கலாம். ஆனால் பொய்யன் என்ற பெயருக்காகத்தானே இவ்வளவு கத்தினான்?

"வேண்டாம் தங்கச்சி." அவன் காமிலின் பக்கம் திரும்பினான். "'கள்ளன் காமில்' எண்டு வைச்சனான்."

காமிலின் முகம் மாறியது.

"எங்கட முஸ்லிம் சனத்தைத் தொண்ணூறில இந்தத் தீவை விட்டே கலைச்சவங்கள். உம்மா இப்பவும் சொல்லி அழுவா. எண்டாலும் உங்கட வாசலில செருப்பைக் கழட்டேக்க நான் ஒருநாளும் யோசிச்சதில்லை. நீ இப்ப யோசிக்க வைச்சிட்டாய்."

றொஷான் கதிரையை விட்டு எழுந்தான். பாஸ்வேர்ட் மாற்றும் பக்கத்தைத் திறந்து, கதிரையைக் காமிலின் பக்கம் தள்ளினான்.

"நீயே மாத்து. எனக்குச் சொல்லாத. உன்னட்டயே இருக்கட்டும்."

காமில் நின்றபடியே குனிந்து எதையோ அடித்தான். ஒருவரையும் பார்க்காமல் வெளியேறினான். றொஷான் பின்னால் போய்த் தரிப்பிடத்தில் நின்றான். 'மன்னிச்சுக்கொள்' என்றான். காமில் கேட்டதுபோலக் காட்டிக்கொள்ளவில்லை. பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டான்.

மறுநாள் குருத்தோலை ஞாயிறு. பவனி முடிந்து, பிள்ளைகள் ஓலைச் சிலுவை மடித்தபடி வகுப்பில் இருந்தார்கள். பின்வாங்கிலிருந்து ஒரு சிறுமி கையை உயர்த்தினாள்.

"சேர், நேற்று ராவும் உங்கட பேருக்குப் பக்கத்தில பச்சைப் புள்ளி எரிஞ்சது!"

வகுப்பு சிரித்தது.

றொஷான் கையிலிருந்த ஓலையை மேசையில் வைத்தான். காத்து வைக்க இனி அங்கே ஒன்றுமில்லை. நாள் அறுந்துவிட்டது. அது தெரிந்தும் ஒருவன் தொழுகை முடிந்து வந்து, கதவைத் திறந்து பூட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

"ஓம் பிள்ளையள்," என்றான். "அது நானில்லை. அது என்ர கூட்டாளி காமில். நான் அவனுக்கு என்ன செய்தனான் எண்டு சொல்லுறன், இருங்கோ."

கதிரையை இழுத்துப் போட்டு, பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்தான்.