கூடாரக் கயிறும் பாதியில் ஓடிய லிஃப்டும்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல் மருத்துவரிடம் ஒரு கடைவாய்ப் பல்லைப் பறிகொடுத்துவிட்டு, வாயில் பஞ்சும் பாதி முகத்தில் மரப்புமாக லிஃப்டில் இறங்கிக்கொண்டிருந்தேன். இரண்டு மாடிகளுக்கு நடுவே அது நின்றுவிட்டது. மணியை அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து ஒரு குரல் வந்தது.

"யாரு உள்ள? பயப்படாதீங்க. நான் வெளியிலதான் இருக்கேன்."

"ம்ம்" என்றேன். அதற்கு மேல் வாய் ஒத்துழைக்கவில்லை.

"சாரா, மேடமா?"

"ம்ம்."

"சரி மேடம். உக்காந்துக்குங்க. நான் வேலை பாத்துக்கிட்டே பேசுறேன். பேச்சுக் குடுத்தா உள்ள இருக்கிறவங்களுக்குத் தெம்பா இருக்கும்."

அப்படித் தெம்புக்காக அந்த லிஃப்ட் மெக்கானிக் சொன்னதுதான் இந்தக் கதை. என் கெட்ட நேரம், அவர் வேலையில் கெட்டிக்காரர். கதை முடிவதற்குள் லிஃப்டைச் சரிசெய்துவிட்டார். ஒரு முக்கியமான வாக்கியத்தின் நடுவில் மோட்டார் உறுமி, என்னைக் கீழே கொண்டுபோய் இறக்கிவிட்டது. அவர் உச்சி மாடியில் இருந்தார். கத்திக் கேட்கலாம் என்றால் வாயில் பஞ்சு.

(ஒரு மனிதர் லிஃப்டுக்கு வெளியே நின்றுகொண்டு இவ்வளவு விவரமாகவா பேசுவார் என்று கேட்பீர்கள். பேசமாட்டார். எலும்பு அவருடையது, சதை என் கைச்சரக்கு. எங்கே எது என்று முடிந்தவரை சொல்லிக்கொண்டே வருகிறேன்.)

2

சில தொடக்கங்களை எழுதிப் பார்த்தேன்.

'ஏரிக்கரையில் மாலைச் சூரியன் தன் பொற்கரங்களை நீட்டி' வேண்டாம். நான் கூடாரத்தில் படுத்ததே இல்லை. கொடியில் காயும் போர்வைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

'குடும்பம் என்பது ஒரு' இப்படித் தொடங்கும் எதையும் நானே படிக்கமாட்டேன். உங்களைப் படிக்கச் சொல்வது அநியாயம்.

'அந்தக் கூட்டத்தில் லிஃப்ட் மெக்கானிக்கை எல்லாரும் ஏதோ ஒரு முறை வைத்துக் கூப்பிட்டார்கள், ஒருத்தியைத் தவிர.' இது பரவாயில்லை.

அவர் அந்தக் குடும்பத்துக்குப் புது வரவு. மனைவிதான் வீட்டில் கடைக்குட்டி. அவளுக்கு மேலே அக்காக்களும் அண்ணன்களும் ஏகப்பட்ட பேர். ஆண்டுக்கொரு முறை பிள்ளைகுட்டிகளோடு ஏரிக்கரையில் கூடாரம் அடித்துக் கூடுவார்கள். அங்கே அவர் ஒருவருக்குச் சகலை, இன்னொருவருக்கு மாப்பிள்ளை, வாண்டுகளில் பாதிக்குச் சித்தப்பா, மீதிக்கு மாமா. மனைவியின் ஒன்பது வயது மகளுக்கு மட்டும் அவர் எதுவும் இல்லை.

அவளைப் பெற்ற அப்பா அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துபோனவர். கூடத்தில் படமாக இருக்கிறார். புது வீட்டுக்குக் குடிபோனபோது மெக்கானிக் முதலில் அடித்த ஆணி அந்தப் படத்துக்குத்தான். அவள் கண்ணுக்கு நேராக இருக்கட்டும் என்று தாழ்வாக அடித்தார். 'அப்பா' என்ற சொல் அந்தப் படத்துக்கு உரியதாகிவிட்டது. மெக்கானிக்கிடம் பேசவேண்டுமானால் அவள் "இங்க பாருங்க" என்பாள். அவர் முதுகு காட்டி நின்றால், திரும்பும் வரை காத்திருப்பாள். அவசரம் என்றால் இருமுவாள். இப்போதெல்லாம் பஸ்ஸில் யார் இருமினாலும் அவர் திரும்பிப் பார்க்கிறார்.

அவளிடமிருந்து அவருக்கு ஒரு சொல் வேண்டியிருந்தது. அப்பா என்றுதான் இருக்கவேண்டும் என்பதில்லை. 'யோவ்' என்றாலும் சந்தோஷப்பட்டிருப்பார். (இது என் கைச்சரக்கு. அவர் சொன்னது, "ஏதாவது கூப்பிட்டா நல்லாருக்கும் மேடம்" என்று மட்டும்தான். சொல்லிவிட்டு ஸ்பானரால் எதையோ இரண்டு தட்டுத் தட்டினார்.)

3

அந்தக் குடும்பத்தின் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். அங்கே யாரும் எந்த வேலையையும் முழுதாகச் செய்வதில்லை. எல்லாரும் எல்லாருடைய வேலையையும் போகிற போக்கில் கொஞ்சம் திருத்திவிட்டுப் போவார்கள். அடுப்பைக் கடக்கிறவர் ஒரு சிட்டிகை உப்புப் போடுவார். அடுத்தவரும் போடுவார். சாப்பிட உட்கார்ந்ததும் இத்தனை உப்பை யார் கொட்டியது என்று எல்லாரும் சேர்ந்து விசாரிப்பார்கள். எல்லாம் பாசம்தான். கெட்ட எண்ணம் துளிகூடக் கிடையாது.

இந்தப் பாசத்தின் தலைவர் மூத்த அக்காவின் கணவர். அந்த ஒன்பது வயதுப் பெண்ணுக்குப் பெரியப்பா. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். யார் என்ன செய்தாலும் பக்கத்தில் நின்று வலது காலால் தரையில் பிரேக் மிதிப்பார். இப்படி ஒருவர் கதையில் வந்தால் நம்புவார்களா என்று எனக்கே சந்தேகம் வந்து, அவர் இல்லாமல் ஒரு முறை எழுதிப் பார்த்தேன். கூடாரம் விழவே இல்லை. கதையும் எழுந்திருக்கவில்லை. திரும்பக் கூப்பிட்டுக்கொண்டேன்.

பெரிய கூடாரம் பிள்ளைகளுக்கு என்று முடிவானது. "கயிறு விஷயம் சகலைக்குத்தான் தெரியும்" என்று அதை மெக்கானிக்கின் தலையில் கட்டினார்கள். அவரும் பார்த்துப் பார்த்து அடித்தார். நடுவே கம்பம், சுற்றிலும் கயிறுகள், ஒவ்வொன்றுக்கும் மண்ணில் ஒரு முளை. பிறகு ஆரம்பித்தது. அந்தப் பக்கம் போன ஒவ்வொருவரும் ஒரு கயிற்றைப் பிடித்து ஓர் இழு இழுத்து, இறுக்கி முடிந்துவிட்டுப் போனார்கள். மெக்கானிக் பின்னாலேயே போய்த் தளர்த்தினார்.

"எதுக்குச் சகல லூசு பண்ணுற?" என்றார் பெரியப்பா.

"காத்து அடிச்சா அசையணும்ணா. ரொம்ப இறுக்கினா முளை பிடுங்கிக்கும்."

"நல்லதுக்குத்தானே இறுக்குறோம்" என்று சொல்லிவிட்டு, பெரியப்பா இன்னொன்றை இழுத்தார்.

இதேபோலத்தான் அந்தப் பெண்ணிடமும். மத்தியானம் தட்டோடு அவள் மெக்கானிக்கின் முதுகுக்குப் பின்னால் நின்று இருமியதைப் பெரியம்மா பார்த்துவிட்டாள்.

"அப்பான்னு கூப்பிடேன்டி கண்ணு. வாய் தேஞ்சா போயிடும்?"

பக்கத்திலிருந்த மாமா, "கூப்பிடு, ஐஸ்கிரீம் வாங்கித் தரேன்" என்றார். அத்தை தன் பங்குக்கு, "எங்க, ஒரே ஒரு தடவ" என்றாள். பெண் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். காது மடல் சிவந்துவிட்டது.

மெக்கானிக் அவள் தட்டை வாங்கிக்கொண்டார். "விடுங்கக்கா. அவளுக்கு இருமல். நான் சுடுதண்ணி வச்சுத் தரேன்."

உள்ளுக்குள் அவருக்கு வலித்தது. அவள் சொல்லவில்லையே என்பதற்காக மட்டுமல்ல, இனிமேல் இருமக்கூட யோசிப்பாளே என்பதற்காகவும்.

(கயிறும் பெண்ணும் ஒன்றுதான் என்று இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். எனக்கு மூன்றாவது தடவை எழுதும்போதுதான் உறைத்தது. முதலிலிருந்தே திட்டமிட்டு எழுதியதாக வைத்துக்கொள்வோம்.)

4

அவர் சுடுதண்ணீர் வைக்கப் போனார். தளர்த்துவதற்கு ஆள் இல்லாத அந்த இடைவெளியில் குடும்பமே ஒரு சுற்று வந்து கயிறுகளை இறுக்கிவிட்டது. ஒரு முளை பிடுங்கிக்கொண்டது. கம்பம் வளைந்தது. உள்ளே விளையாடிக்கொண்டிருந்த அத்தனை வாண்டுகள் மேலும் கூடாரம் பொத்தென்று உட்கார்ந்தது.

முதலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு அழுகை. "அப்பா, அப்பா" என்று துணிக்கு அடியிலிருந்து குரல்கள் வந்தன. எல்லா அப்பாக்களும் ஓடிவந்து, ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்து, ஆளுக்கொரு திசையில் இழுத்தார்கள். துணி இன்னும் இறுகியது. பெரியப்பா இரண்டு காலாலும் பிரேக் மிதித்தார்.

மெக்கானிக் வந்து மண்டியிட்டுத் துணியோடு வாயை வைத்துப் பேசினார். தினமும் பேசுகிற அதே குரல்.

"யாரும் அசையாதீங்க. பயப்படாதீங்க. நான் வெளியிலதான் இருக்கேன்."

உள்ளே சத்தம் அடங்கியது. அவர் தடவித் தடவி ஜிப்பைக் கண்டுபிடித்துத் திறந்து, ஒவ்வொரு பிள்ளையாக இழுத்து வெளியே விட்டார். அவளும் வந்தாள், ஒற்றைச் செருப்போடு. கடைசியில் சின்ன மாமாவின் கைக்குழந்தையைக் காணோம். இவ்வளவு அமளியிலும் அது உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. அதைத் தூக்க அவர் தவழ்ந்து போனார். துணி அவர் மேல் மூடிக்கொண்டது. வளைந்த கம்பம் ஒரே ஒரு கயிற்றின் தயவில் தொங்கியது.

அந்தக் கயிற்றைப் பெரியப்பா கையில் எடுத்தார். நல்லதுக்குத்தான்.

அப்போது வெளியே அவள் குரல் கேட்டதாம். அவ்வளவு சத்தமாக அவள் பேசி அவர் கேட்டதே இல்லையாம். "பெரியப்பா, இழுக்காதீங்க. உள்ள எங்க..."

லிஃப்ட் ஓடத் தொடங்கியது.

5

மூன்று முடிவுகள் எழுதினேன். முதலாவதில் அவள் 'அப்பா' என்கிறாள், எல்லாரும் கண்ணைத் துடைக்கிறார்கள். எழுதி முடித்ததும் பல் பிடுங்கிய இடத்தில் வலித்தது. இரண்டாவதில் 'லிஃப்ட் அங்கிள்' என்கிறாள். சிரிப்பு வந்தது, ஆனால் அடுத்த நாள் படிக்கையில் அவருக்காக வருத்தமாக இருந்தது. மூன்றாவதில் அவள் வெறுமனே இருமு... (இது வேண்டாம். அவரை இத்தனை தூரம் கொண்டுவந்துவிட்டு இப்படிச் செய்ய எனக்கு மனசு வரவில்லை.)

அந்த லிஃப்டில், பழுதானால் அழைக்கச் சொல்லி ஓர் எண் ஒட்டியிருக்கிறது. என் வாய் எப்போதோ சரியாகிவிட்டது. இதுவரை அழைக்கவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டு வாங்கக்கூடாது என்று அவரே அத்தனை நாள் பொறுத்திருந்தார். நான் மட்டும் போகிற போக்கில் ஓர் இழு இழுப்பதா? எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான்: அந்த வாக்கியத்தைச் சொல்லத் தொடங்கியபோது அவர் குரல் சிரித்துக்கொண்டிருந்தது.

ஆகவே இடம் விட்டிருக்கிறேன். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், அவசரமில்லை. அதற்குப் பின்னால் வருவது முழுக்க என் கைச்சரக்கு.

"பெரியப்பா, இழுக்காதீங்க. உள்ள எங்க __________ இருக்காரு."

பெரியப்பா கயிற்றிலிருந்து கையை எடுத்தார். அவள் ஒற்றைச் செருப்போடு போய்த் துணியின் பக்கத்தில் மண்டியிட்டாள். உள்ளே மேடாகத் தெரிந்த இடத்தில் வாயை வைத்துச் சொன்னாள்.

"பயப்படாதீங்க. நான் வெளியிலதான் இருக்கேன்."